சீதனப் பட்டியல்

“ஒரு எழுத்துகூட மாறக்கூடாது, தெரியுதா? நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடி!”

சித்தப்பா விநாசித்தம்பி முதுகுக்குப் பின்னால் நின்று அதட்டினார். ஞானாம்பிகை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பினாங்கில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இந்தத் தரகர் கை படாமல் ஒரு கல்யாணம் நடக்காது. தொண்ணூற்றிரண்டாம் வருடத்தில் அவருக்கும் கம்ப்யூட்டர் ஆசை வந்துவிட்டது.

திரையில் பெண்களின் பட்டியல். பெயர், வயது, வேலை, கடைசித் தலைப்பாக ‘தரும் சீதனம்’. ஒருத்திக்கு நேரே கார், இன்னொருத்திக்கு நேரே நகை. ஞானாம்பிகைக்கு நேரே, ‘சுங்கை பினாங்கில் ஒரு வீடு’.

“இருக்கிறதே அந்த ஒரு வீடு. அதையும் குடுத்துட்டா அம்மா எங்க போவாங்க, சித்தப்பா?”

“இஞ்சினியர் மாப்பிள்ளை சும்மா வருவானா? வயசு முப்பதாச்சு, பேசாம அடிலா!”

“கல்யாணமே ஆகாட்டியும் பரவாயில்ல. வீட்டைத் தர மாட்டேன்.”

“உங்க அம்மாவே சரின்னுட்டாங்க. மாட்டேன்னு சொல்ல நீ யாரு?”

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. மீதியையும் அப்படியே அடித்து முடித்தாள். சித்தப்பா காப்பி குடிக்கப் போன நேரத்தில், பட்டியலின் உச்சிக்குப் போய் ஒரே ஒரு சொல்லைத் திருத்தினாள்.

திரும்பி வந்தவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துச் சரிபார்த்தார். கார் இருந்தது, நகை இருந்தது, வீடும் இருந்தது. தாம் போட்ட தலைப்பை யாராவது திரும்பப் படிப்பார்களா?

“இப்படி அடக்கமா இருந்தா உனக்கு என்ன கொறைச்சல்?” என்று மெச்சிக்கொண்டார்.

பட்டியல் மாப்பிள்ளை வீடுகளுக்கெல்லாம் தபாலில் போனது. வழக்கமாக மறுநாளே போன் அலறும். இந்த முறை ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. சித்தப்பா தபால்காரனைத் திட்டித் தீர்த்தார்.

கடைசியில் ஒருநாள் மணி அடித்தது. இஞ்சினியர் மாப்பிள்ளையின் தாய் கமலாம்பிகை. போன தடவை வேறொரு பெண் வீட்டில், வீட்டோடு கடையையும் சேர்த்துக் கேட்ட அம்மாள். இன்று குரல் கீழே இறங்கியிருந்தது.

“என்ன தம்பி, இப்ப பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் நம்மகிட்ட கேக்க ஆரம்பிச்சிட்டாங்களா?” என்று இழுத்தார். “சுங்கை பினாங்குல வீட்டுக்கு நாங்க எங்க போறது? ஒரு புரோட்டோன் கார் வாங்கித் தர்றோம், போதுமான்னு பொண்ணைக் கேட்டுச் சொல்லுங்க.”