ஆற்றுமுகத்து மைதானம்

"உள்ள வா எவரிஸ்ட். ஜெயிச்சவனை வாசல்ல நிக்க வச்சா ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கும்."

லாரோண்ட் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எவரிஸ்ட் தொப்பியைக் கழற்றி, தரையைப் பார்த்தபடியே உள்ளே போனார்.

இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். முப்பது வருடங்களாக எவரிஸ்ட் தீவின் கிரிக்கெட் சங்கச் செயலாளர், லாரோண்ட் கால்பந்துச் சங்கத்துக்கு. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒண்டிக்கிடக்கும் அந்தத் தீவில் சமதரை கிடைப்பதே அபூர்வம். இந்த வருடம் ஆற்றுமுகத்தில் அரசாங்கம் ஒரு மைதானத்தைச் சமன்செய்தது. அது யாருக்கு என்று அடிதடி வரைக்கும் போனதும், மக்களே சொல்லட்டும் என்றார் அமைச்சர். பத்திரிகையில் வரும் சீட்டை வெட்டி, பிடித்த விளையாட்டையும் தன் பெயரையும் எழுதித் தபால் நிலையத்துப் பெட்டியில் போட வேண்டும். அதிகச் சீட்டு வாங்கும் விளையாட்டுக்கு மைதானம்.

நேற்று வானொலியில் முடிவு வந்தது. கிரிக்கெட் 2,914. கால்பந்து 2,870.

லாரோண்ட் இரண்டு கிளாஸில் ரம் ஊற்றினார். தோற்றாலும் உன்னிடம்தானே தோற்றேன் என்றார். எவரிஸ்ட் கிளாஸைத் தொடவில்லை.

"நீ தோக்கல. அதுல ரெண்டாயிரத்து நானூறு என் கையெழுத்து."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. விற்காமல் கிடந்த பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக எடுத்துவந்ததை, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வாரம் எழுதியதை, மையை மாற்றி மாற்றி எழுதியதை எல்லாம் சொன்னார். பெயர்களைப் பங்குக் கோயிலின் இறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தார். அங்கே கணக்கர் அவர்தான்.

"அம்மா பேரு வந்துச்சு லாரோண்ட். தாண்டிப் போயிருக்கலாம். அதையும் எழுதிட்டேன். இன்னைக்குப் பூசையில நன்மை அப்பம் வாங்கப் போகக் கால் வரல."

லாரோண்ட் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்று எவரிஸ்ட் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. ஆனால் லாரோண்ட் திரும்பி வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. சுற்றுலாக் கப்பல்களின் பயணிகள் பட்டியல் அவர் மேஜைக்குத்தான் வரும்.

"நான் ரெண்டாயிரத்து முந்நூறு," என்றார். "அரைநாள் கரையிறங்கி இளநீர் குடிச்சிட்டுப் போனவனெல்லாம் நம்ம ஊர் கால்பந்து ரசிகன். நீயாவது வந்து சொன்னே. நான் தோத்த ஆத்திரத்துல நேத்துலேர்ந்து உன்னை வைஞ்சுக்கிட்டிருந்தேன்."

எவரிஸ்ட் ஒரு காகிதத்தை இழுத்து, பொய்ச் சீட்டுகளைக் கழித்துப் பார்த்தார். கிரிக்கெட்டுக்கு ஐநூற்றுப் பதினான்கு மிஞ்சியது. கால்பந்துக்கு ஐநூற்றெழுபது.

"நேர்மையாப் பாத்தா நீதான் ஜெயிச்சிருக்கே. மைதானம் உங்களுக்குத்தான்."

சொன்னதும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. நாளைக் காலையில் இருவருமாக அமைச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. இத்தனை அவமானத்திலும் லாரோண்டின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதை மறைக்க அவர் கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் கையில் தேங்காய்க் கேக்குமாக மிஸ் க்ளோதில் நின்றிருந்தார். பெண்கள் ஆடும் நெட்பாலுக்குத் தீவில் பொறுப்பு அவர்தான். எவரிஸ்டைத் தேடி வீட்டுக்குப் போனாராம், இங்கே இருப்பதாகச் சொன்னார்களாம். வாழ்த்துச் சொல்லிக் கேக்கை மேஜையில் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மீன் சந்தையின் சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டுத்தான் தன் பெண்கள் பயிற்சி செய்கிறார்கள் என்றார். கிரிக்கெட் இல்லாத நாட்களில் புது மைதானத்தில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று கேட்டார்.

"கேக்கவே கூச்சமாத்தான் இருக்கு மிஸ்டர் எவரிஸ்ட். ரேடியோவுல எங்க எண்ணிக்கையைப் படிக்கக்கூட இல்ல. பொண்ணுங்க மலையில வீடு வீடா ஏறி இறங்கியும் அறுநூத்துப் பதினொரு சீட்டுதான் சேந்துச்சு."