பீரங்கிக்குப் பத்தொன்பது நாள்

"மதில் ஆராய்ச்சின்னா ஒரே நாள்ல முடியும். எதிரி நாளைக்கே வர்றான்," என்றான் கடலூரில் போனில் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த எழிலன்.

சிதம்பரத்திலிருந்து சேர்ந்து ஆடிய தளபதி ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம் மாமா. பீரங்கி ஆராய்ச்சியப் போடுங்க."

"அதுக்குப் பத்தொம்பது நாள் ஆவும்! அதுக்குள்ள கோட்டையே போயிடும்."

"போனா போவட்டும். இன்னும் எத்தினி நாள் பாக்கின்னு தெனம் ரெண்டு பேரு போன்லயும் காட்டும்ல?"

மூன்று மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டிய கோட்டை. எழிலன் எரிச்சலோடு சுவர்க் காலண்டரில் பத்தொன்பது நாளை எண்ணினான். விரல் ஆவணி ஒன்றில் போய் நின்றது.

"எண்ணிட்டீங்களா?" என்றாள் தளபதி, ஆடி பிறந்ததும் தாய்வீட்டார் அழைத்துப்போன அவனுடைய புது மனைவி சத்யப்பிரியா.

எழிலன் பீரங்கியை அழுத்தினான்.