ஜினீவாச் சட்டம்

"ஜினீவாங்கிற ஊருல ஐம்பது தேசத்துக்காரக ஒண்ணாக் கூடி சங்கம் வச்சிருக்காக. அதுல ஒருத்தரு மாட்டேன்னாலும் காரியம் நடக்காது. இனிமே நம்ம வீட்டுலயும் அதே சட்டந்தான்!" என்று கையிலிருந்த பேப்பரைத் தட்டிக் காட்டி அறிவித்தார் கோட்டைச்சாமி.

அன்றிலிருந்து எதற்கும் அவர் 'மாட்டேன்'தான். குன்றக்குடிக்கு வண்டி கட்டச் சொன்னார்கள், மாட்டேன். கறவை மாடு கேட்டார்கள், மாட்டேன். மகள் ஆயியை ஆறாம் வகுப்புக்கு அனுப்பக் கேட்டபோது, "பொட்டப்பிள்ளை படிச்சு யாருக்கு என்ன பிரயோசனம்? மாட்டேன்!" என்றுவிட்டார். ஆயி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அவர் மனைவி பொன்னழகு, கொழுந்தன் மருதுவையும் அவன் மனைவியையும் கூட்டி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வழக்கு உங்களுக்கும் ஆயிக்கும். வழக்குல உள்ளவுக ஓட்டை அந்தச் சங்கத்துல எண்ண மாட்டாகளாம். மிச்சம் நாங்க மூணு பேரு. மூணு பேருக்கும் அவ படிக்கச் சம்மதம்."

கோட்டைச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"பேப்பருலயே போட்டிருக்காம். நீக பாதி கேட்டதும் தூங்கிட்டீக."

அவர் பேப்பரைப் பிடுங்கி மேலும் கீழும் திருப்பினார். திருப்பி என்ன செய்ய? அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

"ஆயி, இங்குட்டு வா. அந்த இடத்தை மறுபடி படி."

தினமும் படித்துக் காட்டுகிறவள், இன்றும் படித்தாள். அப்படித்தான் போட்டிருந்ததாம்.

கோட்டைச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி, போய்ப் படி. ஆனா பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வந்துரணும். எனக்குப் பேப்பரு கேக்கணும்."