இருநூற்று எண்பத்தாறு

“இருநூத்தி எண்பத்தாறு! வெறும் வயித்துல! வெக்கமா இல்ல உனக்கு?” என்று மகளைப் பார்த்துக் கத்தினார் அவர். கத்தும்போதே அவர் கை, சட்டைப் பையிலிருந்த அலமாரிச் சாவியை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சுயக்கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுப்பது அவர் தொழில். அந்த அலமாரியில், சான்றிதழ்களுக்குப் பின்னால், அவருடைய சாக்லேட் டப்பா இருந்தது. நேற்று சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டார்.

பதின்மூன்று வயது மகள். இன்சுலின் போட ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. போன வாரம் சர்க்கரை அளவு நூற்றறுபதைத் தொட்டதற்கே இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்திருந்தார்.

“நான் எதுவும் திங்கலப்பா.”

“அப்ப மெஷின் பொய் சொல்லுதா?”

மகள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். விரலில் குத்தி, சொட்டு எடுத்து, மெஷினை அவர் முன் நீட்டுவது மனைவியின் பொறுப்பு. நம்பரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவர் பொறுப்பு. ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும்.

“இன்சுலினை நாலு யூனிட் ஏத்திப் போடு!”

“வேணாங்க. டாக்டர்கிட்டயே போயிடலாம்,” என்றாள் மனைவி. மெஷினையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மகளிடம் ரத்தம் எடுத்தார்கள். மனைவி மூன்றாவது தடவையாகத் தண்ணீர் பிடித்துக் குடிக்கப் போனாள். அவருக்கோ உள்ளே குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. மூவரும் டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் அவர் உடைந்துவிட்டார்.

“தப்பு என் மேலதான் டாக்டர். சாக்லேட்டை ஒளிச்சு வெச்சுத் தின்னது நான். அதைத்தான் இவ எடுத்திருக்கணும்.”

“உங்க வகுப்புக்கு நானும் வந்திருக்கேன் சார்,” என்றார் டாக்டர், சிரிக்காமல். “பாப்பாவுக்கு நூத்திப் பதினெட்டுதான். அவ எதையும் தொடல.”

அவருக்குப் போன உயிர் திரும்பியது. “பாத்தீங்களா! மெஷின்லதான் கோளாறு!”

“உங்க மெஷின்லயும் போட்டுப் பாத்துட்டோம். நூத்தி இருபத்தொண்ணு. மெஷின் சரியாத்தான் இருக்கு. நாலு யூனிட் ஏத்தியிருந்தா பொண்ணு மயங்கி விழுந்திருப்பா. காலையில எப்படித்தான் அளந்தீங்க?”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இவளுக்கு ஏறியிருந்தா நீங்க திட்டுவீங்கன்னு, இன்னிக்கு என் விரலைக் குத்திக்கிட்டேன்.”