செப்புக் காசும் எம்மெட்டின் வாயும்

"கண்ணை முகத்துல வெச்சிருக்கியா, வேற எங்கேயாவது வெச்சிருக்கியா?"

எம்மெட் போட்ட சத்தத்தில் லோரெய்ன் கையிலிருந்த காப்பி தளும்பியது.

அமெரிக்காவின் லங்காஸ்டர் ஊர் நூலகத்தின் கீழ்த்தள அறையில் பழைய நாணயம் சேர்ப்போர் சங்கக் கூட்டம். லோரெய்ன் சங்கத்துக்குப் புதுத் தலைவி.

மேஜையில் 1794-ஆம் வருஷத்துச் செப்புக் காசு. அந்தக் காலத்தில் அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். அதனால் ஒரே வருஷத்துக் காசுகளில்கூட எண்ணும் எழுத்தும் இலையும் அச்சுக்கு அச்சு கொஞ்சம் இடம் மாறியிருக்கும். அதை வைத்து, எந்த அச்சில் அடித்த காசு என்று சொல்வதில் கிழவர் ஹார்லனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

ஹார்லன் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு காசைத் திருப்பினார்.

"என்னத்தை முழிக்கிறே?" பக்கத்து நாற்காலியிலிருந்து எம்மெட் விடவில்லை. "வருஷத்துல அந்த நாலு மட்டும் கீழே சரிஞ்சு கிடக்கு. பச்சைக் குழந்தைகூடச் சொல்லும்!"

"கத்தாதேடா. இது 'விழுந்த நாலு'ன்னு எனக்குத் தெரியாதா?"

"கிழிச்சே. பின்பக்கம் இலைக்கு அடியிலேருந்து விளிம்பு வரைக்கும் ஒரு விரிசல் ஓடுதே, அது தெரியுதா துரைக்கு?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். அச்சு உடையற சமயத்துல அடிச்ச காசு இது. வாயை மூடு."

கூட்டம் கை தட்டியது. லோரெய்னுக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை. கலைந்து போகும்போது எம்மெட்டை வாசலில் மடக்கினாள்.

"நாலு பேர் முன்னாடி ஒரு பெரிய மனுஷரை இப்படியா அவமானப்படுத்தறது? அவருக்கு இருக்கற பேர் உங்களுக்கு இல்லேங்கற வயித்தெரிச்சல்தானே?"

எம்மெட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளே இருந்த ஹார்லனைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த மாசத்துலேருந்து கடைசி வரிசையில உட்காருங்க. மூச்சு விடக் கூடாது."

"சரிம்மா" என்று தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம், ஜூடித் என்ற பெண் யார்க் நகரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்கப்பா சட்டைப் பையிலேயே வெச்சிருந்த காசு. எந்த அச்சுன்னு தெரியாமலேயே போய்ச் சேர்ந்துட்டார். நீங்கதான் சொல்லணும், ஐயா."

ஹார்லன் வாங்கிக்கொண்டார். லென்ஸைப் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

யாரோ பிரெட்ஸல் பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வயசாச்சோ?" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது.

ஹார்லனின் நெற்றியெல்லாம் வேர்வை. பின்வரிசையில் எம்மெட் எழுந்தார். லோரெய்ன் முறைத்த முறைப்பில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"எம்மெட் வரலையா?" ஹார்லன் மெதுவாகக் கேட்டார்.

லோரெய்ன் குனிந்து சொன்னாள். "கடைசி வரிசையில உட்கார வெச்சிருக்கேன். இனிமே உங்களை ஒரு வார்த்தை பேச மாட்டார். நீங்க நிதானமாப் பாருங்க."

ஹார்லன் அவள் கையைத் தேடிப் பிடித்தார். காதோடு காதாகச் சொன்னார்:

"அவனைக் கூப்பிட்டுத் திட்டச் சொல்லும்மா. எனக்குப் பார்வை மங்கி ரொம்ப நாளாச்சு, காசெல்லாம் வெறும் பழுப்புப் பொட்டுதான். யாருக்கும் தெரியாம அவன் திட்டித் திட்டித்தான் எனக்குக் காட்டிக்கிட்டு இருந்தான்."