போர்வைக்கடியில் ஒரு பேரம்

மாட்டுத் தரகர் சென்னியப்பனுக்கு ஆஞ்சியோகிராம். டாக்டரம்மா வலது மணிக்கட்டில் குழாயை நுழைத்துக்கொண்டிருந்தபோது, போர்வைக்கடியில் அவருடைய இடது கையை யாரோ பிடித்தார்கள். சந்தையில் துண்டால் மூடி விலை பேசுகிற அதே பிடி. இரண்டு விரலை அழுத்தியது.

"ஏனுங்க டாக்டரம்மா, எம்பட எடக்கையப் புடிச்சிருக்கறது யாரு?"

"அந்தப் பக்கம் யாருமே இல்லீங்களே. ஆடாமப் படுங்க."

விரலுக்கு ஒரு வருசம், மிச்ச ஆயுசுக்குப் பேரம் என்று தரகருக்குப் புரிந்துவிட்டது. அடிமாட்டு விலைக்கு மசிகிற ஆளா அவர்? சில்லிட்ட அந்தக் கையின் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினார். கை கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்லத் தளர்ந்தது.

படியாவிட்டால் வியாபாரி அடுத்த மாட்டுக்குப் போய்விடுவான். வெளியே, அடுத்த ஆஞ்சியோவுக்குப் பச்சை அங்கியோடு உட்கார்ந்திருந்தது அவர் மனைவி மயிலாத்தாள்.

"இருங்க, இருங்க." நழுவிய விரல்களைத் தரகர் எட்டிப் பிடித்தார். "ரெண்டுக்கே முடிச்சுக்கலாம்."