பத்தொன்பதாம் இலக்க மோதிரம்

உலகத்தில் பொய் சொல்லத் தெரியாத பொருள் கல் ஒன்றே. அதன் முன்னால் அரசனும் ஆண்டியும் ஒன்று.

இதை என் கணவர் எமிலியானுஸ், நாங்கள் குடியேறிய வில்லரேயில் எங்கள் மாதா கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில், ஒலிவாங்கிக்கும் மீன் றோல்ஸ் தட்டுக்கும் நடுவில் நின்று அறிவித்தார்.

கோயில் கூரை திருத்துவதற்கான ஏலம். நகைகளை மதிப்பிடும் பொறுப்பு அவருடையது. இளமையில் இரத்தினபுரியில் ஒரு கல் வியாபாரியிடம் ஆறு மாதம் வேலை செய்தவர். அதில் நாலு மாதம் மலேரியா.

நகைகளைக் கொடுத்தவர்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதால் உறைகளில் இலக்கம் மட்டுமே இருந்தது.

பத்தொன்பதாம் இலக்கம் என்னுடையது. அது அவருக்குத் தெரியாது.

எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு அவரே வாங்கித் தந்த சிவப்புக்கல் மோதிரம். அடுத்த மாதம் மகள் ஜெயனிக்குக் கலியாணம். மோதிரத்தை அவள் விரலில் போட்டுவிட எனக்கு ஆசை. ஆனால் கல் உண்மைதானா என்று பதினொரு வருஷமாக ஒரு சந்தேகம். அவரிடம் கேட்டால் மூன்று நாள் சாப்பிடமாட்டார். கடையில் காட்டினால் கோயில் முழுக்கக் கதை வரும்.

உறையில் போட்டால் தீர்ப்பு தானாக வரும். நல்ல கல் என்றால் ஏலத்தில் நானே எடுத்துக்கொள்வேன். இல்லையென்றால் போகட்டும். பிள்ளையின் விரலில் பொய்யைப் போட எனக்கு விருப்பமில்லை.

அவர் மோதிரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்ட கையில் கிடந்த மோதிரம். பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும் லென்ஸிலும் அவருக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

பங்குச் சுவாமியார்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"சூடு காட்டின கல்லெண்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். முக்கால்வாசிச் சிவப்புக்கல் அடுப்புக்குப் போய் வந்ததுதான். இது அப்பிடியில்லை. வெடிப்புக்குள்ள கண்ணாடியை உருக்கி ஊத்தியிருக்கு. உள்ளுக்குக் குமிழி நிக்குது" என்றார் எமிலியானுஸ்.

"அண்ணை, விலையையும் பத்து மடங்கு பெருப்பிச்சுச் சொல்லுங்கோ!" பின்வரிசையிலிருந்து டனிஸ்ரன் என்ற பொடியன் கத்தினான்.

"பதினைஞ்சு டொலர். அதுவும் வளையத்துக்கு." எமிலியானுஸ் லென்ஸை மடித்தார். "இதை மனுசிக்கு வாங்கிக் குடுத்தவன் ஒண்டில் விசரன், இல்லாட்டிக் கள்ளன்."

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். இவ்வளவு தெளிவாக அவர் என்னிடம் எதையும் சொன்னதில்லை.

சவிரிமுத்தர் ஏலம் கூறினார். ஒருதரம். ரெண்டுதரம். ஒருவரும் கை தூக்கவில்லை. இப்படி ஒரு தீர்ப்புக்குப் பிறகு எவன் துணிவான்?

கடைசியில் எமிலியானுஸ் தாமே கை தூக்கினார்.

"கோயிலுக்காக" என்றார். மறுபடியும் கைதட்டல்.

கோயிலுக்குப் பதினைந்து டொலர், பிள்ளையின் விரலுக்குப் பாதுகாப்பு. எனக்கு மனம் லேசாகிவிட்டது.

வெளியே ஜெயனி காருடன் நின்றாள். நான் பின்னால் ஏறினேன். எமிலியானுஸ் முன்னால் ஏறி, பெல்ட்டைப் போடுவதற்கு முன் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, மோதிரத்தை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"பர்மாக் கல்லு, பிள்ளை. நெருப்பே படாதது. உன்ர கலியாணத்துக்கு. அம்மான்ர மோதிரத்துக்குச் சோடியாக் கன வருஷமாத் தேடினனான்."

"ஐயோ அப்பா! அச்சொட்டா அம்மான்ர மாதிரியே இருக்கு!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் திரும்பி என் கையை எட்டிப் பிடித்தாள்.

"உங்கட மோதிரம் எங்க, அம்மா? ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பம்."

எமிலியானுஸும் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டில இருக்கு" என்றேன்.